வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பா போன அன்று உனக்கு அடித்த தந்திக்கு நீ வரவில்லை. அது எனக்குத் தீரவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

நம் வீட்டை வாங்கியவர் போன மாதம் அதை இடித்துவிட்டார். எனக்கு அது தெரியாது. பட்டறைக்கு நல்ல மரம் தேடி, பழைய கதவு ஜன்னல் விற்கும் கிடங்குக்கு நேற்றுப் போனேன். இடித்த வீடுகளின் கதவுகளைச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு கதவில் கை நின்றுவிட்டது. கீழே எலி நுழையாமல் இருக்க அப்பா அடித்த தகரம். மேலே பழுப்புச் சாயம், அது உரிந்த இடத்தில் அடியில் பச்சை. பச்சையில் ஆணியால் கீறிய ஒரு ரயில், நான்கு பெட்டி. அது நான் கீறியது. அதற்காக உன்னிடம் வாங்கிய குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நம் பின்னறைக் கதவு.

கடைக்காரர், "என்ன மேஸ்திரி, கதவைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க?" என்று சிரித்தார். மரம் பார்க்கிறேன் என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறையில் போட்டுப் பார்த்தேன். நான் கதவு செய்கிறவன், அக்கா. அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும். இதில் வெளிப்பக்கம், என் தலைக்கு மேலே, நீளமான தாழ்ப்பாள் இருந்த தடம். எட்டு ஓட்டை. உள்பக்கத்தில் ஒன்றும் கிடையாது. தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் மட்டும் ஊசி மாதிரி எதனாலோ கீறிய எழுத்து. சாயம் அதை மூடியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் தெரிந்தது. 'பாப்பா' என்று எழுதியிருக்கிறது. ஒருமுறை அல்ல, ஏழு முறை.

அந்த வீட்டில் பாப்பா நீ ஒருத்திதான். எழுத்து உன்னுடையது இல்லை.

அந்த அறையில் யாரை வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்? எனக்குத் தெரிய வேண்டும். வெறும் ஆவலுக்காகக் கேட்கவில்லை.

டிசம்பரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்குத்தான் உடம்பு அவ்வளவு சரியில்லை.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

குழந்தை பிறந்த செய்தி இப்போதுதான் தெரிகிறது. சந்தோஷம்.

அது சாமான் போடும் அறை. நீ கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போடுவாய், அதற்காக அப்பா உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தார். எழுத்து நான் விளையாட்டாகக் கிறுக்கியதாக இருக்கும். பன்னிரண்டு வயதில் என்னென்னவோ செய்தேன், எல்லாம் நினைவில் இல்லை.

பழைய மரத்தைப் பழைய மரமாகப் பார். பிளந்து அடுப்பில் போடு, இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடு. போன காரியங்களைக் கிளறி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் ஏன் வரவில்லை என்பதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. ஆஸ்பத்திரி வார்டில் அன்று ஆள் பற்றாக்குறை என்று எழுதினேன். அதையே வைத்துக்கொள்.

உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். என்ன செய்கிறது? காய்ச்சலா, இரத்தப் போக்கா, தூக்கம் இல்லையா? விவரமாக எழுது. இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் பொய்.

சாமான் அறைக்குள் உட்கார்ந்து உன் பெயரை நீயே ஏழு முறை எழுதினாயா? நான் ஐந்து வயதுப் பையன் இல்லை. நம் பழைய தெரு மூலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் இன்னும் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். பின்னறையைப் பற்றிக் கேட்டேன். அவர் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பேசினார்.

"உங்கப்பா பாவம் தம்பி. அத்தனை நாள் பத்திரமா பார்த்துக்கிட்டவர், அன்னைக்கு ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்துட்டாரு. ரெண்டாம் நாள்தானே உங்கம்மா ஆத்துல கிடைச்சாங்க."

நான் கடை வாசலில் அப்படியே நின்றேன். அம்மா மாமா ஊரில் காய்ச்சலில் போனாள் என்றுதானே எனக்குச் சொன்னீர்கள்? முப்பத்திரண்டு வயது வரை நான் அதைத்தான் நம்பினேன். என் மனைவிக்கும் அதையே சொன்னேன். ஊரில் கடைக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட விவரம் இதோ. அவள் தூங்குவதில்லை. பிரசவமாகிப் பத்து நாளில் ஆரம்பித்தது. குழந்தையைப் பார்த்து, "இது நம்ம குழந்தை இல்ல, மாத்திட்டாங்க" என்கிறாள். யாரோ பேசுவது காதில் விழுகிறதாம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் வேலையில் இருந்தேன். அவள் குழந்தையை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறாள். தெரிந்த ஓட்டுநர் ஒருவர் கூட்டி வந்து விட்டார். எங்கே போகக் கிளம்பினாய் என்று கேட்டால், "சொந்தக்காரங்ககிட்ட குழந்தையைத் திருப்பிக் கொடுக்க" என்கிறாள்.

அவளுடைய அம்மா, என் அத்தை, வந்து கூட இருக்கிறார். அவருக்கும் வயதாகிவிட்டது, ஓடிப் பிடிக்க முடியாது. "கொஞ்ச நாளைக்கு ரூம்ல வெச்சு வெளியில தாழ்ப்பாள் போட்டுடுங்க மாப்பிள்ளை. நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது" என்கிறார். நான் வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் உட்கார முடியும்?

தாழ்ப்பாள் வாங்கி வைத்திருக்கிறேன். என் கருவிப் பையில் இருக்கிறது. எட்டுத் திருகாணி, பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் என்னால் முடியவில்லை. பட்டறைக்குப் போனால் அந்தப் பழைய கதவு சாத்தியிருக்கிறது.

அப்பா போட்ட தாழ்ப்பாள் உதவியதா, இல்லையா? நீ ஒருத்திதான் சொல்ல முடியும். இனியும் சாமான் அறை என்று எழுதாதே.

தம்பி


பிப்ரவரி 26
தந்தி

தாழ்ப்பாள் வேண்டாம். அவளையும் குழந்தையையும் ஒரு நிமிடமும் தனியே விடாதே. இன்றே பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. குணமாகும் நோய். கடிதம் பின்னால். அக்கா.


பிப்ரவரி 26

தம்பிக்கு,

தந்தி கொடுத்துவிட்டு வந்து வார்டின் துணி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்நேரம் நீ அவளை அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் இதைக் கீழே வைத்துவிட்டு முதலில் போ. மீதியைப் பிறகு படி.

இருபது வருஷமாக இந்த நர்ஸ் வேலையில் இருக்கிறேன். உன் மனைவி மாதிரிப் பெண்கள் எங்கள் வார்டுக்கு மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். குழந்தையைத் தொடமாட்டேன் என்று வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதை என் கண்ணால் பார்க்கிறேன். பிரசவத்துக்குப் பின்னால் வருகிற நோய் அது. மருந்து இருக்கிறது. நாலு பேருக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

இனி நீ கேட்டது.

உனக்குப் பிறகு, உனக்கு விவரம் தெரியாத வயதில், அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அதுவும் உனக்குத் தெரியாது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. அம்மா அழவில்லை. தூங்குவதை விட்டாள். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்ததே, அதற்குள் குழந்தை அழுகிறது என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். ஒருநாள் சாயங்காலம் உன்னைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினாள். "போய் தம்பியை எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லித்தான் இறக்கினாள். அம்மா உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. உனக்குக் கழுத்து வரை தண்ணீர். அச்சகத்திலிருந்து அப்பா அப்போதுதான் வந்தார். சட்டையோடு குதித்து உன்னைத் தூக்கினார்.

மறுநாள் காலையில் தாழ்ப்பாள் வந்தது. அப்பாவே அடித்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதே. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். எட்டு மணிக்கு அச்சகம் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். "நான் வர்ற வரைக்கும் திறக்காதே பாப்பா. என்ன சொன்னாலும் திறக்காதே" என்றார். இருபத்திரண்டு நாள் நான் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவாள். மழையா வெயிலா என்று கேட்பாள். சில நாள் பயமாக இருக்கும், காதைப் பொத்திக்கொள்வேன். ஏதோ கீறுகிற சத்தம் கேட்கும். எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் என்னைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்றாம் நாள் அம்மாவின் குரல் பழைய குரலாக இருந்தது. "பாப்பா, தலை ஒரே சிக்கு. வெயில்ல உட்கார்ந்து வாரிக்கிறேன். உனக்கும் பின்னி விடறேன். எத்தனை நாளாச்சு உனக்குப் பின்னி" என்றாள். யாரும் எனக்குப் பின்னிவிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. நீ முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாய். முக்காலி போட்டு ஏறித் திறந்தேன்.

அப்பா மறக்கவில்லை தம்பி. நான் திறந்தேன்.

பின்வாசல் படியில் உட்காரவைத்து அம்மா பொறுமையாகச் சிக்கெடுத்தாள். இழுக்காமல், நோகாமல் இரட்டைப் பின்னல். முடித்துவிட்டு, "உள்ள போய் ரிப்பன் எடுத்துட்டு வா" என்றாள். ரிப்பன் எங்கே என்று தேடினேன். கிடைத்து எடுத்து வந்தபோது படியில் யாரும் இல்லை. பின்கேட் திறந்திருந்தது.

நான் கத்தவில்லை, ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. மறுபடி முக்காலியில் ஏறி, காலி அறைக்குத் தாழ்ப்பாள் போட்டேன். போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன், அப்பா வரும் வரைக்கும். நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் யாராவது தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை கணக்குப் போடுகிறேன்.

அப்பா வந்து தாழ்ப்பாளைத் திறந்தார். உள்ளே பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். என் பின்னலைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே ஓடிப்போய் எல்லாரிடமும், "நான் தாழ்ப்பாள் போட மறந்துட்டேன்" என்றார். போலீசில் அதையே சொன்னார். மாமா வந்து சட்டையைப் பிடித்து உலுக்கினார், அப்போதும் அதையே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பார்க்கும்போதெல்லாம் என் தலையைப் பார்ப்பது போலவே இருக்கும். பதினெட்டு வயதில் இவ்வளவு தூரம் வேலை தேடி வந்தது அதனால்தான். உன் தந்தி வந்தபோது ரயில் நிலையம் வரை வந்தேன். பெட்டியோடு நடைமேடையில் நின்றேன். ரயில் வந்தது, போனது. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்ட மனுஷர் முகத்தை, அவர் கண்ணை மூடிய பிறகுதானா வந்து பார்ப்பது என்று திரும்பிவிட்டேன்.

தாழ்ப்பாள் உதவியதா என்று கேட்டாய். இல்லை. திறந்ததும் உதவவில்லை. வைத்தியம் மட்டும்தான் உதவியிருக்கும். அதை யாரும் செய்யவில்லை.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

முதலில் இது. இருவரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அத்தை கூட இருக்கிறார். குழந்தையைச் செவிலியர் பார்த்துக்கொள்கிறார்கள், அவள் கேட்கும்போது கொண்டுவந்து காட்டுகிறார்கள். டாக்டரம்மா, "சரியாயிடும். ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றார். மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் ஆறு மணி நேரம் தூங்கினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி சொல்ல வேண்டியது.

உன் தந்தி வருவதற்குள் தாழ்ப்பாளை அடித்துவிட்டேன். உனக்குக் கடிதம் போட்ட நான்காம் நாள். ஒரு வீட்டு ஜன்னல் வேலை பாதியில் நின்றது, ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். அடித்துவிட்டுப் போனேன். மூன்று நாள். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அத்தை வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே தட்டுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. "காலையிலேர்ந்து தட்டிட்டே இருக்கா மாப்பிள்ளை. திறந்தா ஓடிடுவாள்னு நான் திறக்கல" என்றார். திறந்தேன். அவள் ஓடவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்தாள். "தண்ணி வேணும்னுதான் தட்டினேன்" என்றாள்.

உதடெல்லாம் வெடித்திருந்தது. இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். நீ அத்தனையும் எழுதிய பிறகு நான் ஒளிக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இதற்கு நீ என்ன செய்தாலும் எனக்குத் தகும்.

அப்பா கடைசி வாரத்தில் பேசிக்கொண்டே இருந்தார். பாதி புரியாது. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாக, என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சொன்னார். "பெரியவ வந்தா சொல்லு. அன்னைக்கு அவ தலையைப் பார்த்தேன். அவ்வளவு அழகா பின்னியிருந்தது. அவ திறந்தது தப்பில்ல. நான் போட்டதுதான் தப்பு. பன்னெண்டு வயசுக் குழந்தையைக் காவலுக்கு வெச்சேனே, அது அதைவிடத் தப்பு. நான் கேட்காம இருந்தது கோவத்துல இல்லன்னு சொல்லு. கேட்டா அவ ஆமான்னு சொல்லணுமே, அதுக்காகத்தான்."

எந்தக் கதவு, என்ன பின்னல், எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி என்பது புரிந்தது. நீ வரவில்லை. வந்தால்தானே சொல்ல வேண்டும், வராதவளுக்கு என்ன சேதி என்று வாயை மூடிக்கொண்டேன். நான்கு வருஷம் வேண்டுமென்றேதான் மூடிக்கொண்டேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்தவை அக்கா தம்பிக்கு எழுதுகிற வார்த்தைகள் இல்லை.

நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தில் ஒரே ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் போதும். அவ்வளவுதானே? உனக்குக் கோபம் இருந்தது, சரி. அந்தக் கோபத்தில் உன் சொந்தச் சாமானை உடைத்திருக்கலாம். அப்பா எனக்குக் கொடுத்ததை நீ எப்படி வைத்துக்கொள்ளலாம்? இதை நான் சீக்கிரம் மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு சாமான் அறை.

ஆனாலும் அந்த வரிகளை இதற்குள் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். வார்டில் கூட வேலை செய்கிறவள், "என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள். இல்லை, எங்க அப்பா பேசினார் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

தாழ்ப்பாளை அடித்ததை எழுதினாயே, அது நல்லது. அதற்காக உன்னைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டாயா? அவளுக்குப் புரியாது என்று இருந்துவிடாதே. எல்லாம் நினைவிருக்கும். குணமான பிறகு அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மாத்திரையை நீயே எண்ணிக் கொடு. நன்றாகிவிட்டாள் என்று பாதியில் நிறுத்தினால் உன் காதைத் திருகுவேன். வயதைப் பார்க்க மாட்டேன்.

இருபத்திரண்டாம் தேதியிலிருந்து ஒரு மாதம் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. வழி எனக்குத் தெரியும். உன்னைப் பார்க்க வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அவளைப் பார்த்துக்கொள்ள வருகிறேன்.

அந்தக் கதவில் கை வைக்காமல் வை.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

நீ போய் மூன்று வாரம் ஆகிறது. சமையலறையில் நீ மாற்றி வைத்த டப்பாக்களை இன்னும் யாரும் இடம் மாற்றவில்லை. மாற்றினால் நீ தெரிந்துகொண்டுவிடுவாய் என்று அத்தை பயப்படுகிறார்.

நீ சொன்னபடியே கதவை அறுக்கவில்லை. இழைக்கவும் இல்லை. துணி வெட்டும் மேசைக்கு முழுக் கதவாகத் தையல் கடைக்காரர் ஒருவர் கேட்டார், நீயும் சரி என்றதால் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் அந்த எட்டு ஓட்டைகளையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். அன்று நீ பட்டறையில் தரையில் உட்கார்ந்து அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாயே, நான் வெளியே போய் நின்றேன். நீ அழுவதை நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்.

அவளிடம் நீ உட்கார்ந்து என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே ஒன்று சொன்னாள். "அக்கா என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாங்க. யார்கிட்டயும் சொன்னதில்லையாம். என்னைப் பைத்தியம்னு நினைச்சிருந்தா சொல்லியிருப்பாங்களா?" என்றாள்.

மாத்திரை தொடர்கிறது, எண்ணித்தான் கொடுக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். சில நாள் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்போது நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். டாக்டரம்மா இன்னும் ஆறு மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வாசல் திறந்திருந்தது. குழந்தை தூங்குகிறாள். அத்தை குளியலறையிலிருந்து வந்து, "அவ உள்ளதானே இருந்தா" என்கிறார். அவள் இல்லை. பின்பக்கம் இல்லை, மொட்டை மாடியில் இல்லை. அத்தை அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். செருப்புப் போடாமல் ஓடினேன் அக்கா. பேருந்து நிலையத்தில் இல்லை. ஆற்றுப் பாலம் பக்கம் ஓடினேன். ஓடும்போது நீ எழுதிய பின்கேட்தான் கண் முன்னால் இருந்தது. போட்டிருக்கலாமே, ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். நினைத்ததை உன்னிடம் மறைக்கவில்லை.

பாலத்துக்கு முந்தின தெருவில் எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்க?"

எனக்கு மூச்சு வாங்கியது.

"குழந்தைச் சட்டையில பட்டன் எல்லாம் பிஞ்சு போச்சு. வாங்கப் போனேன். அம்மா குளிச்சிட்டிருந்தாங்க. குழந்தை இப்பதான் தூங்கினா" என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"திரும்பி வரத்தாங்க போனேன்" என்றாள்.

பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். வெயிலில் தார் சுட்டது. ஓரத்து நிழலாகப் பார்த்து இருவரும் நடந்து வீட்டுக்கு வந்தோம்.

தம்பி